புலமைக்கு இட்ட எண்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சார்ந்த தேர்வு முறைகளின் வரலாறு

1. முன்னுரை

கற்பித்தல் எத்துணைப் பழமையுடையதோ, கற்றாரை அளந்தறிதலும் அத்துணைப் பழமையுடையது. இன்று முதுகலையோ ஆய்வுப் பட்டமோ பயிலும் மாணவர் ஒருவரின் நிலையை மதிப்பெண், தரப்புள்ளி, தேர்ச்சி வரம்பு, பதிவுக்காலம் என்னும் நான்கும் உறுதி செய்கின்றன. இவையெல்லாம் மேனாட்டிலிருந்து வந்தவை. தமிழகத்தில் இவற்றிற்கு முன் தேர்வு என்பதொன்று இருந்ததில்லை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைக் காவிரியின் இருகரையிலும் அமைந்த திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் என்னும் இரண்டு ஊர்களின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். மாணவன் எவ்வளவு கற்றான் என வினவுதல் ஒன்று; அவன் மேலும் தொடரலாமா என வினவுதல் மற்றொன்று. முன்னது தரம் பற்றியது. பின்னது நிலை பற்றியது. இவ்விரு வினாவிற்கும் பண்டையோர் வெவ்வேறு விடை வைத்திருந்தனர். இக்காலத்தில் இரண்டிற்கும் ஓர் எண்ணே விடையாக நிற்கின்றது. இம்மாற்றத்தால் வந்த ஊதியமும் இழப்பும் யாவை என்பதே இங்கு நாம் காணவேண்டுவது.

2. நன்னூலார் வகுத்த தரம்

மாணவரைத் தரம் பிரிக்கும் முறை தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் ஆவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடை மாணாக்கர். பிற்காலப் பல்கலைக்கழகம் வகுத்த முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பவற்றோடு இது எண்ணிக்கையில் ஒக்கும், பொருளில் ஒவ்வாது. பல்கலைக்கழக வகுப்பு மாணவன் பெற்ற பயனை அளக்கின்றது. நன்னூலார் வகுப்போ அவன் கற்கும் இயல்பைக் காட்டுகின்றது. கிளி போல்வானுக்கு நூறு மதிப்பெண்ணும் வரக்கூடும்; கற்பித்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லுதல் அதற்கு எளிது. ஆயினும் நன்னூலார் அதனை இடைநிலையிலேயே நிறுத்தினார். பாலையும் நீரையும் பிரித்துக் கொள்ளும் அன்னத்தையும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் ஆவையும் அதனினும் உயர்த்திக் கூறினார் என்பது கருதற்பாலது.

இதனினும் வியக்கத்தக்கது அவர் தரும் கணக்கு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்ளினும் மாணவன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு அமையும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிரம்பும் என்பது அவர் கருத்து. இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் அகமதிப்பீட்டிற்கு 25, பருவ இறுதித் தேர்விற்கு 75 என நூறு பகுக்கப்பட்டுள்ளது. நன்னூலாரும் நூற்றைப் பகுத்தவரே. ஆனால் அவர் பகுப்பில் 25 ஆசிரியர்க்கும், 25 உடன் பயில்வார்க்கும், 50 கற்றதைப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றலுக்கும் உரியன. மூன்று மணி நேரம் தனித்திருந்து எழுதும் விடைத்தாளுக்கு அப்பகுப்பில் இடமே இல்லை.

எனினும் பழமையை முழுதும் போற்றுதல் ஆராய்ச்சி ஆகாது. பாடங்கொள்ளுதற்கு உரியரல்லாதாரை அடுக்கிக் கூறுமிடத்தில் நன்னூல், களிமகன், சோம்பேறி, கள்வன் முதலியோரோடு நோயாளியையும் சேர்த்து விலக்குகின்றது. ஒழுக்கக் கேட்டையும் உடற்பிணியையும் ஒரே வரிசையில் வைத்த அக்குறையை இக்கால விதிகள் எவ்வாறு திருத்தின என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. கல்வெட்டுக் காட்டும் படிநிலை

மாணவரின் படிநிலைக்கேற்ப உதவி வேறுபட்டமைக்கும் சான்று உண்டு. முதலாம் இராசேந்திரன் (1014-1044) காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அவ்வூர்க் கல்லூரியில் 270 இளநிலை மாணவரும் 70 முதுநிலை மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தமையைக் கூறுகின்றது. இளநிலையினர்க்கு நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், முதுநிலையினர்க்குப் பத்து நாழி நெல்லும் வழங்கப்பட்டன. உயர்கல்வி பயில்வோர்க்கு மிகுந்த உதவி வேண்டும் என்னும் கொள்கை ஏறத்தாழ ஆயிரமாண்டுப் பழமை உடையதென்பது இதனால் புலனாகும். ஆனால் அக்கல்லூரியின் கல்வி வேதமும் சாத்திரமும் சார்ந்தது. பயின்றோர் யாவர் என்பதும் பிறப்பால் வரையறுக்கப்பட்டது. தரம் பிரித்தல் தொடங்குமுன்னரே வாயிலில் ஒரு பிரிவினை நிகழ்ந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

4. திருவரங்கத்து அவை

பள்ளியில் பயில்வோர் நிலை இதுவாக, நூல் செய்தார் நிலையை உறுதி செய்தது அரங்கேற்றம். திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சன்னதியின் எதிரே உள்ள மண்டபம் இன்றும் கம்பர் மண்டபம் என்றே வழங்குகின்றது. கம்பர் தம் இராமகாதையை அங்கு அரங்கேற்றினார் என்பது கன்னபரம்பரைச் செய்தி. அதன் காலத்தைச் சகம் 807 என்று ஒரு தனிப்பாடல் குறிக்கும். கம்பர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்பார் ஆராய்ச்சியாளருட் பலர். காலவாராய்ச்சி இங்கு நம் நோக்கமன்று. அச்செய்தி காட்டும் நடைமுறையே நமக்கு வேண்டுவது.

திருவரங்கத்தார் கம்பர் காவியத்தை உடனே ஏற்றிலர். தில்லை அந்தணர் முதலிய பிறவூர்ப் புலவரின் ஒப்புதல் பெற்று வருக என்றனர். கம்பர் அவ்வாறே பெற்று மீண்டார். பின்னர் அவையிற் பாடல் படிக்கப்பட்டபோது, வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை இதனுள் வைத்தது ஏன் என்னும் தடை எழுந்தது. அப்படலத்தைக் கேட்டு மேட்டழகிய சிங்கர் தலையசைத்து மகிழ்ந்தார் என்றும், அதன்மேல் அவை அமைதியுற்றது என்றும் கூறுவர். தெய்வச் செயலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் இக்கதையைப் போற்றிய மக்கள் தேர்வு என்பதை எவ்வாறு கருதினர் என்பதற்கு இது நல்ல சான்றாகும். வெளியூரார் மதிப்பீடு முதலில். அவையோர் முன்னிலையில் படித்தல் அடுத்து. தடையும் விடையும் அதன்பின். முடிவு அனைவரும் அறிய நிகழ்தல். இந்நான்கும் இன்றைய பிஎச்.டி. தேர்வில் அப்படியே உள்ளன.

மற்றொரு செய்தி வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுவது. நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி உரையை நன்கு படியெடுத்துத் தருமாறு நம்பூர் வரதராசர் என்பாரிடம் ஒப்படைத்தார். அவர் அச்சுவடியைக் கொண்டு காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் அதனைக் கவர்ந்தது. வரதராசர் தாம் கேட்டவற்றை நினைவிற் கொண்டு உரையை மீண்டும் எழுதினார். எழுதுங்கால் தமக்குத் தோன்றிய நயங்களையும் ஆங்காங்குச் சேர்த்தார். படித்த நஞ்சீயர் தம் உரையில் இல்லாத சிறப்பை அதில் கண்டு, நிகழ்ந்ததை வினவியறிந்து, மாணவரைத் தழுவி ‘நம்பிள்ளை’ எனப் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது, நஞ்சீயர்க்குப்பின் திருவரங்கத்தில் ஆசிரியராய் அமர்ந்தவரும் அவரே.

இவ்விரு செய்திக்கும் பொதுவானதொரு கூறு உண்டு. கம்பர் முதனூலில் இல்லாததைச் சேர்த்தார். நம்பிள்ளை ஆசிரியர் உரையில் இல்லாததைச் சேர்த்தார். விடைக்குறிப்பை முன்வைத்துத் திருத்தினால் இருவரும் மதிப்பெண் இழந்திருப்பர். அவையும் ஆசிரியரும் இருந்தமையால் அவர்தம் மிகையே தகுதியாயிற்று. ஆராய்ச்சிப் பட்டத்தின் உயிர்நிலை இதுவே என்பது எம் கருத்து.

5. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

அவைவழி வந்த மரபின் இறுதிப் பெருந்தூணாகத் திருச்சிராப்பள்ளி தந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஆவர். அந்நகருக்கு அருகிலுள்ள சிற்றூரிற் பிறந்து, திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து, பின்னர் மாயூரத்திற்குக் குடிபெயர்ந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார். மகாவித்துவான் என்னும் பட்டம் அவ்வாதீனம் அளித்தது. எழுத்துத் தேர்வு, வருகைப் பதிவு, வகுப்பு வரிசை ஆகிய எவையும் அவரிடத்தில் இல்லை. ஆயினும் தேர்வு இல்லாமற்போகவில்லை. உ. வே. சாமிநாதையர் இளைஞராய் அவரை அடைந்தபோது, ஒரு செய்யுள் சொல்லுமாறு கேட்கப்பட்டு நைடதச் செய்யுளைக் கூறிப் பொருளும் உரைத்தார். நிகண்டுப் பயிற்சி உண்டா என்றும் வினவப்பட்டார். சில நிமிடங்களில் முடிந்த அத்தேர்வு மாணவரின் ஓசையுணர்வு, பொருளுணர்வு, சொல்வளம் என்னும் மூன்றையும் அளந்துவிட்டது.

பிள்ளையவர்களிடம் பயின்றோருள் பூவாளூர்த் தியாகராச செட்டியாரும், கிறித்தவரான வேதநாயகம் பிள்ளையும், இசுலாமியரான குலாம் காதிறு நாவலரும் இருந்தனர். எனவே, ஆசிரியர் ஒருவரின் பெருந்தன்மை சமய வேலியைக் கடக்க வல்லது என்பது தெளிவு. அதே நேரத்தில் அவ்வாயில் ஆசிரியர் உள்ளத்தை மட்டுமே சார்ந்தது என்பதும் தெளிவு. பெருந்தன்மை இல்லாத ஆசிரியரிடம் சென்ற மாணவர்க்கு முறையிட வேறிடம் இல்லை. புறக்கணிக்கப்பட்டோரின் பெயர்களை வரலாறு பாதுகாப்பதும் இல்லை.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாத அவரைக் கல்லூரி ஆசிரியர்கள் தம்முன் செய்யுள் சொல்லவும் பொருள் விளக்கவும் செய்து ஆராய்ந்தபின் ஏற்றுக்கொண்டனர். அரசினர் கல்லூரி வாயிலிலும் அவைத்தேர்வு ஒருமுறை செல்லுபடியாயிற்று. அவர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. எண்ணால் அளக்கும் அமைப்பே எண்ணுக்கு அடங்காத புலமையைப் பின்னர் ஒப்புக்கொண்டது எனலாம்.

6. 1857: எண் வந்தமை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டமையால், தொடக்கத்தில் அது கற்பிக்கும் இடமாக அமையவில்லை; தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரியின் கடமை. அளத்தல் பல்கலைக்கழகத்தின் உரிமை. ஆசிரியரும் தேர்வாளரும் இருவேறு ஆட்களாயினர். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பெற்ற தூய வளனார் கல்லூரியும், 1919இல் கல்லூரியாக உயர்ந்த தேசியக் கல்லூரியும் இம்முறையிலேயே வளர்ந்தன. மகளிர்க்குத் தூய சிலுவைக் கல்லூரி 1923இலும், சீதாலட்சுமி இராமசாமி கல்லூரி 1951இலும் தோன்றின. ஜமால் முகமது கல்லூரி தோன்றியதும் 1951இலேயே.

இம்முறையின் பெருநன்மை ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். விடைத்தாளில் பெயர் இல்லை. எண் மட்டுமே உண்டு. எழுதியவர் ஆணோ பெண்ணோ, எக்குலத்தவர், எச்சமயத்தவர் என்பவற்றைத் திருத்துவோர் அறியார். பழைய அவைகளில் அமரவே இடம்பெறாதோரின் மக்கள் அவ்வெண்ணின் துணையாலேயே பட்டமும் பணியும் பெற்றனர். அவைத்தேர்வை ஏங்கிப் போற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்க்கல்வியும் எண் வழியே சென்றது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. பண்டிதர் என்பது ஊரார் வழங்கும் பெயராக இருந்த நிலை மாறி, தேர்வெழுதிப் பெறும் சான்றிதழாயிற்று.

எண்ணின் குறைகளும் விரைவில் வெளிப்பட்டன. கற்பித்தவர் மதிப்பிடுவதில்லை; மதிப்பிடுவோர் மாணவரை அறிவதில்லை. ஓராண்டுக் கல்வி மூன்று மணி நேரத்தில் அளக்கப்பட்டது. 1948-49ஆம் ஆண்டுகளில் ஆய்வு நடத்திய இராதாகிருட்டிணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் கூறவேண்டுமாயின் அது தேர்வுச் சீர்திருத்தமே ஆகும் என்னும் கருத்தை வெளியிட்டது. கோத்தாரி குழு (1964-66) தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம் என்றது. 1973இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தத் திட்டம் தொடர் அகமதிப்பீட்டையும், மதிப்பெண்ணுக்கு மாற்றாகத் தரமுறையையும் பரிந்துரைத்தது. 1978இல் தமிழகத்தில் முதன்முதல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியும் ஒன்று. கற்பிப்பவரே மதிப்பிடும் உரிமை நூறாண்டுக்குப்பின் ஒரு பகுதியேனும் மீண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாய்த் திருச்சிராப்பள்ளியில் இயங்கியது 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

7. தரப்புள்ளிக் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழு 2014-15ஆம் ஆண்டுகளில் நாடு முழுமைக்கும் வகுத்துரைத்த பத்துப் புள்ளி அளவை, மிகச் சிறந்த தரத்திற்கு 10 என்றும், அடுத்தடுத்த தரங்களுக்கு 9, 8, 7, 6, 5 என்றும், தேர்ச்சி அளவிற்கு 4 என்றும், தோல்விக்குச் சுழி என்றும் புள்ளியிடுகின்றது. ஒவ்வொரு பாடத்திற்கும் ‘கிரெடிட்’ எனப்படும் அலகு உண்டு. அலகைப் புள்ளியாற் பெருக்கிக் கூட்டி, மொத்த அலகால் வகுத்தால் பருவத்தின் சராசரி கிடைக்கும். ஒரு மாணவர் 5 அலகுப் பாடத்தில் 8, 4 அலகுப் பாடத்தில் 6, 3 அலகுப் பாடத்தில் 9 புள்ளி பெற்றால், 40, 24, 27 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 91. அதனை 12ஆல் வகுக்க 7.58 வரும். அலகைக் கருதாத வெறுஞ்சராசரி 7.67 ஆகும். பெரும்பாடத்திற்குப் பெருமதிப்பு என்னும் நெறி இதில் உள்ளது.

தரம் என்பது சிறுவேறுபாடுகளை மறைப்பதற்காக வகுக்கப்பட்டது. 71க்கும் 73க்கும் இடையே புலமை வேறுபாடு கற்பித்தல் வீண் என்பதே அதன் அடிப்படை. ஆனால் தரத்தைப் புள்ளியாக்கி, புள்ளியை அலகாற் பெருக்கி, நூற்றில் ஒரு கூறுவரை பிரித்துக் காட்டியவுடன் மறைத்த வேறுபாடு மீண்டும் தலைகாட்டுகின்றது. மாணவரும் 7.58, 7.61 எனத் தம்மை ஒப்பிட்டுக் கொள்கின்றனர். கருவி மாறியது, எண்ணின்மேல் உள்ள பற்று மாறவில்லை.

8. ஆய்வு மாணவர் நிலை

தரத்தைவிட நிலையே ஆய்வு மாணவர்க்கு இன்றியமையாதது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009, 2016, 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதனை வரையறுத்தன. 2022ஆம் ஆண்டு விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடோ அதற்கு நிகரான தரமோ பெற்றவர் பிஎச்.டி. பயிலலாம், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பாடநெறித் தேர்விலும் 55 விழுக்காடு பெற்றாலன்றித் தொடர இயலாது. பதிவுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. மறுபதிவால் மேலும் ஈராண்டு கூடலாம். மகளிர்க்கும் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் ஈராண்டு நீட்டிப்பு உண்டு. பிணியாளரை விலக்கிய நன்னூல் விதியோடு இதனை ஒப்பிட்டால், கல்வியுலகம் எவ்வளவு தொலைவு கடந்து வந்துள்ளது என்பது விளங்கும். எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதும், ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டுக் கட்டாயத்தை நீக்கியதும் 2022ஆம் ஆண்டு விதிகளே.

பருவந்தோறும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியின் வளர்ச்சியை எடுத்துரைத்தல் வேண்டும். வளர்ச்சி போதாதாயின், குழு காரணத்தைப் பதிந்து, திருத்தும் வழியையும் கூறுதல் வேண்டும். அவ்வழி பின்பற்றப்படாதபோதே, காரணங்காட்டிப் பதிவை நீக்கப் பரிந்துரைக்கலாம். இவ்விதியில் எண் இல்லை என்பதை நோக்குக. ஆய்வு மாணவரின் நிலையைக் கெடுக்கவல்ல கடுமையான முடிவுக்கு விதி வேண்டுவது காரணமே. ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் இருவர் மதிப்பிடுதலும், ஒருவர் மறுப்பின் மாற்றுத் தேர்வாளர்க்கு அனுப்புதலும், இறுதியில் ஆசிரியரும் மாணவரும் சூழ வாய்மொழித் தேர்வு நிகழ்தலும் கம்பர் மண்டப மரபின் புதுவடிவங்களே ஆகும்.

எனினும் விதி இருத்தல் ஒன்று. அது நடைபெறும் முறை மற்றொன்று. ‘வளர்ச்சி போதாது’ என்னும் இரு சொல்லையே காரணமாக எழுதுதலும், ‘நன்று’ என்னும் ஒரு சொல்லோடு அமைதலும் விதியின் உடலைப் போற்றி உயிரைப் போக்குவனவாம். தமிழ்த்துறையில் ஆய்வு மேற்கொள்வோருள் தம் குடும்பத்தில் முதற்பட்டதாரியாய் வருவோர் பலர். உதவித்தொகையும் ஆசிரியப்பணி வாய்ப்பும் அப்பதிவையே சார்ந்துள்ளன. ஓரிரு சொல்லால் அவர் நிலை அசையுமாயின், முறையீட்டிற்கு இடமில்லாத பழைய காலத்திற்கே நாம் திரும்பியவர் ஆவோம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தேர்வும் தரப்பிரிவும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. பழைய அவை ஆழமாக அளந்தது. ஆனால் சிலரையே அளந்தது. புதிய எண் யாவரையும் அளக்கின்றது. ஆனால் ஆழத்தை அறியாது.

ஆகவே, அளக்கத்தக்கதை எண்ணால் அளப்பதும், ஆராயத்தக்கதை அவையால் ஆராய்வதும் நெறியாகும். பாடநெறிக்கு மதிப்பெண் பொருந்தும். ஆய்வு மாணவர் தொடர்வது குறித்த முடிவுக்கு எழுத்தில் அமைந்த காரணமே பொருந்தும். அக்காரணம் மாணவர் கைக்குத் தவறாது சென்றடைதல் வேண்டும். வாய்மொழித் தேர்வு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, அவை நிறைந்திருத்தல் வேண்டும். வந்தோர் தடை எழுப்புதல் வேண்டும். நெறியாளர் மாணவர்க்காக விடைகூற முந்துதல் கூடாது. ஆசிரியர் சொன்னதற்கு மேல் மாணவர் கண்டது யாது என்பதைத் தேர்வாளர் அறிக்கை தனியே குறிப்பிடுதல் நன்று. நஞ்சீயர் தம் சுவடிக்கும் மாணவர் சுவடிக்கும் இடையே கண்டறிந்த மிகை அதுவே. அதனைக் காணும் கண்ணுடையோர் அவையில் இருக்கும்வரை, எண்ணும் அவையும் ஒன்றற்கொன்று துணையாய் நின்று புலமையை வளர்க்கும் என்பது எம் துணிபு.